பத்தொன்பது நாள் பால்

அன்பு மகள் ஹர்ஷினிக்கு,

அருகன் அருளால் இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். அங்கே மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது என்றாய், பொழுது சாய்ந்தால் சாப்பிடக்கூடாது என்ற நம் சமண வழக்கத்துக்காகப் பட்டினி கிடக்காதே, கடிகாரம் பார்த்துச் சாப்பிடு, ஒரு பாவமும் இல்லை. கொல்லையில் மல்லாட்டை விதைத்தாயிற்று, இந்த வருஷமாவது கடலை நன்றாக விளைய வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

விழுப்புரத்தில் பெண்கள் கூடி அவரவர் குலம், வழக்கம், வளர்ந்த கதை எல்லாம் பேசிய கூட்டத்தில் நான் பேசினேன் அல்லவா, அந்த வீடியோவை நீ ஃபேஸ்புக்கில் போட்டு, என் அம்மா என் பெருமை என்று எழுதியிருக்கிறாய். அதை உடனே எடுத்துவிடு. நம் வீட்டில் தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம், கிழங்கு சேர்க்க மாட்டோம், இருட்டினால் சாப்பிட மாட்டோம் என்றதெல்லாம் நிஜம். கைதட்டல் கேட்டதும் தலைகால் புரியாமல், என் மகள் வாயில் என் பாலையும் எங்கள் வீட்டுச் சோற்றையும் தவிர வேறெதுவும் பட்டதில்லை என்றேன் பார், அது பொய். நீ பிறந்தபோது எனக்கு ஜன்னி கண்டு நினைவில்லை, பாலும் சுரக்கவில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த லூர்துமேரிதான் உன்னை வாங்கி மாரில் போட்டுக்கொண்டார். அவருடைய பிள்ளை பிறந்த மறுநாளே இறந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் வந்து கொடுத்தார், மொத்தம் பத்தொன்பது நாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, கொல்லைப்புறமாக வரச் சொன்னோம், குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொட விட்டோம். பால் சுத்தமாக இருக்க வேண்டுமென்று அவரைக் கவுச்சி தொடக்கூடாது என்றோம், பொழுது சாயுமுன் சாப்பிட வைத்தோம். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெண் அத்தனைக்கும் தலையாட்டினார். கடைசி நாள், வெளியே சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கினது நான்தான். இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் பாப்பா எப்படியிருக்குது என்று உன்னைத்தான் கேட்பார்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு அடுத்தது அவர் முறை. மைக்கை வாங்கினவர், எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. மறுநாள் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே நிறுத்தி, முப்பது வருஷமா வாயத் தொறக்கலம்மா, அன்னிக்குத்தான் பேர் சொல்லாம சொல்லிடலாம்னு வந்தேன், நீங்க முந்திக்கினீங்க, இனிமே நான் சொன்னா அது பொய்யாப் பூடும் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பாவிடம் அழுதால், எதுக்கு இப்ப அத்தக் கிளறிக்கினு இருக்கே, பேஜாரு, உடு என்கிறார். எப்படி விடுவது? என்னால் முடியவில்லை ஹர்ஷினி, பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

வரும் ஞாயிறு மறுபடி கூட்டம். நான் எழுந்து நடந்ததைச் சொல்லப் போகிறேன், சொந்தக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் அவர் வரமாட்டேன் என்கிறார். அவர் இல்லாத இடத்தில் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளவா? நான் கூப்பிட்டு இனிமேல் வரமாட்டார், நீ கூப்பிட்டால் வருவார். உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஒரு மாதம் பேசாமல் இரு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. அந்த வீடியோவை எடுக்குமுன் ஒரு தடவை பார், எனக்குப் பின்னால் பச்சைச் சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது அவர்தான்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. காதுக்குக் கம்பளி கட்டாமல் வெளியே போகாதே. அவருடைய நம்பரைப் பின்பக்கம் எழுதி, அதையும் போட்டோ எடுத்திருக்கிறேன். நீ யாரென்று கேட்டால், பாப்பா என்று மட்டும் சொல்.

உன்னைப் பெற்றவள்,
பத்மாம்பாள்
திண்டிவனம்