நௌஷிதாவின் கும்பிடுபூச்சி

மட்டாஞ்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு மகள் மகா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நான் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஜுமைலா டீச்சர், கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். முப்பது வருடம் முன்பு இறக்கையில்லாத ஒரு கும்பிடுபூச்சியைப் புது இனம் என்று கண்டு, ஏழு வயதில் காய்ச்சலில் இறந்த மகள் நௌஷிதாவின் பெயரை அதற்கு வைத்தாராம்.

போன வாரம் ஒரு ஆராய்ச்சிக்காரர் கடிதம் எழுதியிருந்தார். அதன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்ததில் ஆண்களுக்கு மட்டும் இறக்கை முளைத்ததாம். டீச்சர் கண்டது பெண் பூச்சி; இறக்கையுள்ள அந்த ஆணுக்கு நூறு வருடம் முன்பே யாரோ வேறு பெயர் வைத்துவிட்டார்களாம். இரண்டும் ஒரே இனம் என்பதால் பழைய பெயர்தான் செல்லுமாம்.

டீச்சர் பூச்சிப் பெட்டியைத் திறந்து லென்சில் வெகுநேரம் பார்த்தார். "அவர் சொன்னது சரியாக்கும் மகா" என்றார்.

"இல்லைன்னு எழுதிருங்க டீச்சர். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பெயர்ச்சீட்டை அவரே உரித்துவிட்டுப் பழைய பெயரை எழுதி ஒட்டினார். உரித்த சீட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அன்று சாயாகூடக் குடிக்கவில்லை.

நீங்கள் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். என் மகளின் கால் அளவை நூலில் எடுத்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுகிறீர்கள். தினம் ஒரு தடவையாவது செண்பகவல்லி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் அம்மா.

டீச்சர் எழுந்துவிட்டார்.

மகா