குளிர வைத்த விளக்கு

1940 சித்திரை, வெள்ளி. பொம்மிடி

நான்கு நாள் மருத்துவ முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தால், மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிக்குள் வெதுவெதுப்பு. பெட்டி சாயவில்லை. திரி கருகவில்லை. எண்ணெயும் இருக்கிறது. அடியில் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை.

“யாரு அணைச்சது?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“வெள்ளிக்கெழம அந்தச் சொல்லு வேண்டாங்க. குளிர வெய்யின்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க? அன்னைக்கே வெளக்கெ குளிர வெச்சுட்டேன்.”

நான் பெட்டியைச் சொன்னேன். அவள் விளக்கை அணைக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். தீ எரிந்தால்தான் அது குளிரும் என்று நான் சொன்னதே இல்லை. சிரித்துவிட்டேன்.

பிறகுதான் பெரியம்மைக்குக் குத்தும் அம்மைப்பால் உள்ளே இல்லாததைக் கவனித்தேன்.

“நேத்தே கம்பவுண்டர் எடுத்துட்டுப் போயி கம்பைநல்லூர்க் கொழந்தைங்களுக்குக் குத்திட்டாருங்க.”

வெதுவெதுப்பில் கெட்டுப்போன அம்மைப்பால் பார்வைக்கு நல்லது போலவே இருக்கும்; குத்தினாலும் அம்மையைத் தடுக்காது. அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதி முடித்தும் மேசை விளக்கைக் குளிர வைக்க மனம் வரவில்லை.