கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு பக்கம்

சிவன்மலை ஆண்டவர் துணை

திருப்பூர்,
28-9-69

அன்புள்ள மகன் சிவமலைக்கு அம்மா வள்ளியாத்தாள் எழுதுவது. பம்பாயில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உங்கய்யனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் எப்போதும்போல நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. புது ஆபீஸ் எப்படி அமைந்திருக்கிறது, போட்டோ எடுத்து அனுப்புங்கள், எங்கள் கம்பெனியில் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். உங்கய்யன் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார், அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள், பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செக்கிங் பெண்களுக்கு வடக்கே பெரிய ஜன்னலாக வைத்து அறை வரைந்தாய் பார், அது நல்ல காரியம். ராமாத்தாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், தம்பி புண்ணியத்துல கண்ணெரிச்சல் போச்சுங்க என்று உன்னை வாழ்த்துகிறாள். அந்த வாழ்த்தாவது உனக்குத் துணையாக இருக்கட்டும். மற்றதெல்லாம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். கம்பெனிக்குக் கம்பெனி ஆபீஸ் வரைந்து கொடுக்கிறவன் நீ, எந்த வேலைக்காரன் எங்கே உட்கார்ந்தால் வேலை ஓடும் என்று படித்தவன். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனால் நம் பனியன் கம்பெனி ஆபீஸ் எனக்குத் தெரியும். ஒரே கூடம், ஒரே ஜமுக்காளம், அதில் உங்கய்யனும் தண்டாயுதபாணி மாமாவும் தோளுக்குத் தோள் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டுத் தொழில் தொடங்கின நாளிலிருந்து அப்படித்தான். பனியன் துணி பின்னுகிற தறி மிஷின்காரன் நல்லான் ஒரு முழம் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து நடுவில் போடுவான், கட்டிங் மாஸ்டர் மருதாசலம் அதைத் தடவிப் பார்த்து இது என்ன துணியா கோணிச்சாக்கா என்பான், நான்கு பேரும் கத்துவார்கள், கத்தி முடித்து நான் வைக்கிற சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீ சித்திரையில் வந்தபோது இதைப் பார்த்து, அம்மா இது ஆபீஸா அவிநாசித் தேர்க்கடையா என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன்.

ஆவணியில் தச்சர்கள் நீ வரைந்து கொடுத்தபடி வேலையை முடித்தார்கள். இரண்டு முதலாளிக்கும் இரண்டு அறை, நடுவில் பலகைத் தடுப்பு, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியட்டும் என்று இடுப்புக்கு மேலே கண்ணாடி. தறிக்கூடம் மாமா அறைப் பக்கம், கட்டிங் உங்கய்யன் அறைப் பக்கம், நடுவில் துணி போய்வர ஒரு சந்து ஜன்னல். பார்க்கிறதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணு, நம் ஊரில் கூட்டாளிகளுக்கு நடுவே ஒரு தடுப்பு எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நூல் ஏஜென்ட் வந்தவர் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, பாகமெல்லாம் சுமுகமா முடிஞ்சுதுங்களா என்று கேட்டிருக்கிறார். உங்கய்யன் இல்லையென்று சொல்ல வேண்டியதுதானே, மரியாதைக்குச் சிரித்திருக்கிறார். அதைக் கண்ணாடி வழியாக மாமா பார்த்திருக்கிறார். பேச்சு கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் ஊரே இவர்களைப் பிரித்துவிட்டது, உலை வாயை மூடலாம் ஊர் வாயை மூட முடியுமா.

மறுநாள் மாமா தன் பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் வெளுக்காத பனியன் துணி ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டார், வெயில் கண்ணைக் கூசுகிறதாம். நடுத்தடுப்பில் வெயில் விழுகிற வழியே இல்லை என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்கடுத்த நாள் உங்கய்யனும் இந்தப் பக்கம் ஒரு துணியைக் கட்டினார், அவர் காரணமே சொல்லவில்லை. சோறும் நின்றது. மாமாவுக்கு இப்போது அவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வருகிறது. நான் பழக்கதோஷத்தில் மாமாவுக்கும் ஒரு இலை போட்டுவிட்டு அதை எடுத்து மடிக்கிறேன். ஆபீசுக்குள் போனால் ஒரு சத்தமில்லை, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை சாமி. முதலாளிகள் இப்படியென்றால் ஆட்கள் சும்மா இருப்பார்களா. எங்க மொதலாளி, உங்க மொதலாளி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், டீ குடிக்கக்கூட இரண்டு கடைக்குப் போகிறார்கள்.

போன வாரம் தறி மிஷினில் ஊசி உடைந்து துணி நெடுக ஓட்டைக்கோடு விழுந்திருக்கிறது. முன்பென்றால் நல்லான் கிழித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்திருப்பான். இப்போது எந்த அறைக்குள் போவது, போனால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமோ என்று யோசித்து, கட்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள் என்று சந்து ஜன்னலில் தள்ளிவிட்டான். தறியில் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று மருதாசலம் பிரித்துப் பார்க்காமலே அடுக்கி வெட்டிவிட்டான். அத்தனையும் பாழ். இரண்டு பேரும் அந்த ஜன்னலுக்கு இருபுறமும் நின்று கத்தினார்கள், பழைய கத்தல் இல்லை, இதில் சிரிப்பே இல்லை. மருதாசலம் கையில் கட்டிங் கத்திரியோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். பெண்கள் கூச்சல் போட்டுப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி ஒருத்தன் வீட்டுக் கறி இன்னொருத்தன் வீட்டுக்குப் போகும், அப்படிப்பட்டவர்கள். அப்போதும் இரண்டு முதலாளியும் தத்தம் துணிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த தடவை பிடித்து நிறுத்த ஆள் இருக்குமோ இருக்காதோ.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மாமா வீட்டுக் கமலாம்பாள் அத்தையைக் கோயிலில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரரு பக்கத்துல உக்காரறது அண்ணனுக்கு அத்தனை கசந்துபோச்சுங்களா, தனி ரூம் வேணும்னு பையன்கிட்டச் சொல்லிவிட்டாரே என்று அழுதாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் உங்கய்யன் நெஞ்சில் கிடக்கிற முள்ளும் அதேதான், தனி அறை கேட்டது மாமா என்று. யோசித்துப் பார்த்தேன். நீ நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொருவரிடமும் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயே. மாமாவிடம் தனி ரூம் போட்டால் வசதிதானே என்று கேட்டிருப்பாய். அவர், அதுக்கென்னுங்க தம்பி, இருந்தா நல்லதுதானுங்க என்று சொல்லியிருப்பார். உங்கய்யனும் அதையேதான் சொல்லியிருப்பார். அட பைத்தியமே, நம் ஊரில் யார் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிறார்கள்? பச்சைத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டாலும் அதுக்கென்னுங்க என்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு அது மறந்துபோச்சா? நீ அதை விருப்பம் என்று எழுதிக்கொண்டு, அய்யா சம்மதிச்சுட்டாரு என்று அங்கேயும் மாமா சம்மதிச்சுட்டாரு என்று இங்கேயும் சொன்னாய். வேண்டும் என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது.

இதை உங்கய்யனிடம் சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, அப்படின்னா அவரு எந்திரிச்சு வந்து கேக்கறது, இத்தன வருசம் ஒண்ணா உக்காந்தவரு எங்கிட்டப் பேச நடுவுல பையன் எதுக்கு என்கிறார். அங்கே மாமாவும் எழுத்துக்கு எழுத்து இதையேதான் சொல்கிறாராம். எழுந்து பத்தடி நடக்க இரண்டு கிழவர்களுக்கும் ஆகவில்லை. நானும் கமலாம்பாளும் சொன்னால் பொம்பளைகள் சமாதானம் பண்ணுகிறார்கள் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆயுத பூஜைக்கு இந்த வருஷம் இரண்டு வாழைமரம், இரண்டு பொரி மூட்டை சொல்லியாகிவிட்டது, தறிக்குத் தனி பூஜை கட்டிங்குக்குத் தனி பூஜை. அதுகூடப் போகட்டும். மாமா அறையில் தெருப்பக்கம் வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறாயே, அதை இடித்து இறக்கி வாசலாக்கக் கொத்தனாரிடம் பேசிவிட்டார். அடுத்த வாரக் கடைசியில் ஆள் வருகிறது. புரட்டாசியில் யாராவது வாசக்கால் வைப்பாங்களா என்று கமலாம்பாள் கேட்டதற்கு, நல்ல காரியத்துக்குத்தானே மாசம் பாக்கோணும் என்றாராம். தெருவுக்குத் தனி வாசல் வந்துவிட்டால் அப்புறம் ஊர் சொன்னது மெய்யாகிவிடும், யார் வந்தும் ஒட்டவைக்க முடியாது.

அதனால் லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ புறப்பட்டு வர வேண்டும். தந்தி அடிக்கலாமா என்று பார்த்தேன், உடனே வா என்று தந்தி வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று நீ ரயில் முழுக்க அழுதுகொண்டு வருவாய், அதுதான் கடிதம் எழுதுகிறேன். இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு, கேட்டது நீங்கள் இல்லை, நான்தான் என் புத்தியில் போட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் உன்னைத் திட்டட்டும். ஒருத்தர் திட்ட ஆரம்பித்தால் இன்னொருத்தர் கூடச் சேர்ந்துகொள்வார், அது போதும் எனக்கு.

சிவன்மலையான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுத்து, நீ தொட்ட காரியம் நாலு பேரைச் சேர்த்துவைக்கும்படி அருள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றை மறக்காதே. ஸ்டேஷனில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. பெட்டியோடு நேரே மாமா வீட்டுக்குப் போ, அங்கேதான் முதலில் கை நனைக்க வேண்டும். இங்கே வந்துவிட்டு அங்கே போனால் அய்யன் சொல்லி அனுப்பிய ஆள் என்றாகிவிடும். உன்னைப் பார்த்து ஐந்து மாசம் ஆகிறது, நம் வாசலைத் தாண்டி நீ அந்தப் பக்கம் போகும்போது நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. வள்ளியாத்தாள்