பெயர்ப்பலகையில் விட்ட இடம்

வெண்டல்,

பார்லி மூட்டைகள் வந்து இறங்குகின்றன, கடைக்குக் கிளம்பிவிட்டேன். சூப் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

"வீட்டுல பீர் காய்ச்சுற சாமானெல்லாம் ஆன்லைன்ல கிடைக்குது, உன் கடைக்கு எவன் வருவான்?" என்று நேற்றுக் கேட்டாயே, அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். விடியும்போது கண்ணயர்ந்தேன் போல. கனவில், கடை முழுக்க அரைத்த பார்லி வாசனை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. ஒருவர் பீர் ஜாடியும் கையுமாக நின்று, "புளிச்சுப்போச்சுங்க" என்கிறார். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "பொறுக்காம மூடியைத் திறந்தீங்களா?" என்று சிரிக்கிறாய். ருசி பார்த்துச் சொல்ல ஆன்லைனுக்கு நாக்கு ஏது?

பலகை எழுதும் ஹால்வர் மதியம் வீட்டுக்கு வருவார். இப்போதைக்கு 'ஆர்டிஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் இடம் விடச் சொன்னேன். உன் பெயரும் வேண்டுமா என்பதை நீயே அவரிடம் சொல்லிவிடு.

ஆர்டிஸ்

பி.கு.: புளிக்க வைத்திருக்கும் பீர் ஜாடிக்குக் குளிருமே என்று உன் நீல ஸ்வெட்டரைச் சுற்றியிருக்கிறேன், உருவாதே. இப்போதுதான் மெல்லக் குமிழ் விடுகிறது. மூடியைத் திறந்து பார்க்காதே. போன தடவை திறந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று: இடம் விட்டிருப்பது என் பெயருக்கு முன்னால்.