மேற்குச் சுவர் விழுந்த நாள்

பிரிக்பீல்ட்ஸ்
3.11.2024

அன்புப் பேத்தி ரோகிணிக்கு,

சுவர் விழுந்த அன்று கிள்ளான் பழைய கோயிலைத் தோண்டி ஆராயும் குழியில் இருந்தவர்கள்: கூலிக்கு மண் சுரண்டிய என் மகன் லோகன், உன் அதிகாரி திருச்செல்வம், கல்லைப் பார்த்துப் படம் வரையும் சல்மா, லோரிக்கார இம்ரான், நீ, சோறு கொண்டுவந்த நான். மழை பெய்யவில்லை. மண் காய்ந்து கிடந்தது.

உன் மலாய் அறிக்கையை இம்ரான் தமிழில் வாசித்துக் காட்டினான். மழையில் மண் இளகிச் சுவர் சரிந்ததாம். செங்கல் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறாய். செத்துப்போன உன் மாமன் லோகனுக்கு ஒரே வரி.

சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுக்கச் சொன்னது நீ. என் காதால் கேட்டேன். "மாமா, போட்டோவுல கட்டை மறைக்குது. கொஞ்ச நேரம் எடுத்துடுங்க லா." அவன், "சாமி வீட்டுக்கே மேக்கப்பாடி?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தான். நீ தெரியாமல் சொன்னாய், அதை நான் மனசில் வைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுது, போதும். போனில் பதில் அனுப்பாதே, அழித்துவிடுவாய். தாளில் எழுது.

ஒழுங்காகச் சாப்பிடு. சாவு வீட்டில் பார்த்தபோது எலும்பாக இருந்தாய்.

பாட்டி பவுனம்மாள்

ஷா ஆலம்
19.11.2024

அன்புள்ள பாட்டிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

நீங்கள் சொல்கிறபடி எழுதினால் என் வேலை போய்விடும். குழியையும் மூடிவிடுவார்கள். மாமா மண் சுரண்டி வெளியே எடுத்த அடித்தளம் மறுபடி மண்ணுக்குள் போகும். திருச்செல்வம் சாரிடம் பேசினேன். மழை என்பதை எடுத்துவிட்டோம். ‘தொழிலாளி யாரையும் கேட்காமல் கட்டைகளை அகற்றினார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமா பெயரைப் போடவில்லை.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள் ரோகிணி

பிரிக்பீல்ட்ஸ்
25.11.2024

ரோகிணிக்கு,

வராதே.

அந்தக் குழியில் தொழிலாளி என்று ஒருத்தன்தான் இருந்தான். பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

உன் கடிதத்தை அவன் பெண்டாட்டி மலர் படித்தாள். "அத்தை, அவரு புத்தியில்லாமயா செத்தாரு?" என்று என்னைக் கேட்கிறாள். சொல்லு, நான் என்ன சொல்லட்டும்?

திருச்செல்வம் அந்நியன், தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டான். அவனை விட்டுவிட்டேன். கட்டையை எடுக்கச் சொன்ன பிள்ளையை, என் மகனைக் குளிப்பாட்டிய அன்றே மன்னித்துவிட்டேன். பழியைப் பிணத்தின் மேல் எழுதினவளை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அது திருச்செல்வம் இல்லை, சல்மா இல்லை.

நீதான், ரோகிணி.