மெயினை அணைத்தால் ஆர்மான் வருகிறான்

ஃபோர்ட் கென்ட்,
ஜனவரி, ஞாயிறு மதியம்.

அன்புள்ள லூசில்,

நான் நலம், அடுப்பும் நலம். உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். பின்னால் நம் மகள் டெனிஸ் யாரிடமோ "அம்மா பேசுறாங்க, சத்தம் போடாதே" என்கிறாள். மாப்பிள்ளை கைல் தொண்டையைச் செருமுகிறான். ஸ்பீக்கரில் போட்டு வீடே கூடி உட்கார்ந்து கேட்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். உறையைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். டேப் சுருங்கியிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்.

இங்கே பனி ஜன்னல் கட்டை வரை ஏறிவிட்டது. அடுப்புக்கு வாங்கிய பெல்லட் கட்டிகளில் இந்த வருஷம் மரத்தூளைவிடப் பட்டைதான் அதிகம், சாம்பல் அள்ளி மாளவில்லை. கரண்டும் அடிக்கடி போகிறது. ஆற்றுக்கு அக்கரையில் கனடாக்காரன் வீட்டில் விளக்கு எரிகிறது, நம் கரை மட்டும் இருட்டு. கரண்ட் ஆபீஸில் கேட்டால் மரக்கிளை விழுந்தது என்கிறார்கள். எந்த மரம் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

நீ கிளம்பும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "கரண்ட் போனாலும் அடுப்பு நிக்காது, வீட்டுக்குள்ள புகை வராதுன்னு காட்டு. அன்னைக்கே வரேன்" என்றாய். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது, உன்மேல் தப்பில்லை. பெல்லட்டைத் தள்ளுகிற திருகும் புகையை வெளியே இழுக்கிற விசிறியும் ஒரே நேரத்தில் நின்று, மிச்ச நெருப்பின் புகையெல்லாம் கூடத்துக்குள் வந்த அன்று நானும்தான் பயந்தேன். ஆம்புலன்ஸில் நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

நீ போனதிலிருந்து எனக்கு இதே வேலைதான். முதலில் ஜெனரேட்டர் பார்த்தேன். அதை வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது, கொட்டகையிலும் வைக்கக் கூடாது, ஜன்னல் பக்கமும் வைக்கக் கூடாது, அதன் புகை வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். இடுப்பளவு பனியில் இறங்கி அதன் கயிற்றை இழுக்க என் முதுகு ஒத்துழைக்காது. கடைக்காரன் "உங்க வயசுக்கு இது சுண்டைக்காய் வேலை" என்றான். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்து மலிவாக ஒரு இன்வெர்ட்டர் வாங்கி லாரி பேட்டரியில் மாட்டினேன். விசிறி முனகியது, அடுப்பின் திரையில் ஏதோ பிழை எண் வந்து எல்லாம் நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இந்த மோட்டாருக்குச் சுத்தமான கரண்ட் வேணும், இது தர்றது முரட்டுக் கரண்ட்" என்கிறான். விற்கும்போது அந்த வாய் எங்கே போயிருந்தது? கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்றையும் காட்டினான். அது அடுப்பைப் புகையில்லாமல் அணைக்கத்தான் போதும், அதன் பிறகு விறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மிச்சம், உன்னைக் கூட்டிப்போக வந்தபோது கைல் வைத்துவிட்டுப் போன பேட்டரிப் பெட்டி. சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே அதை மாட்டி, நீ பேரப்பிள்ளைகள் முகம் பார்க்க வாங்கிய வைஃபையோடும் சேர்த்துவிட்டு, "அது பாட்டுக்கு இருக்கட்டும் மாமா, நீங்க எதையும் தொடாதீங்க" என்றான். இத்தனை கிறிஸ்துமஸுக்கும் காலுறையைத் தவிர எதுவும் தராதவன் திடீரென்று இவ்வளவு பெரிய பெட்டி தருகிறான் என்றால் யோசிக்க வேண்டாமா? அதில் ஒரு நீல விளக்கு கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எப்போது தூங்குகிறேன், எவ்வளவு எரிக்கிறேன் என்று வேவு பார்த்து, 'அப்பாவால் தனியாக முடியாது, வீட்டை விற்றுவிடலாம்' என்று சொல்லத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன்.

ஆனாலும் பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அவன் வார்த்தையை நம்பி உன்னை வரச் சொல்ல மாட்டேன். அதனால் சில நாள் சாயங்காலம் நானே கீழே போய் மெயினை அணைத்துப் பார்த்தேன். அடுப்பு ஒரு முறைகூட நிற்கவில்லை. விசிறி அதே சத்தத்தில் ஓடியது. மூக்கைத் தீட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன், புகை வாடையே இல்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. மெயினை அணைத்தால் ஆர்மான் வருகிறான். என் காபி ஆறுவதற்குள் குன்றைத் தாண்டி அவனுடைய ஸ்னோமொபைல் வண்டிச் சத்தம் கேட்கிறது. முதல் தடவை ஸ்பேனர் வேண்டும் என்றான். அடுத்த தடவை ஒரு தட்டு நிறைய ப்ளோய் அப்பம் சுட்டுக் கொண்டுவந்தான், அடுக்கில் பாதி கருகல். அதற்கடுத்து, சர்ச்சில் பீன்ஸ் விருந்து என்றைக்கு என்று கேட்டான். அதைச் சமைக்கிறவனே அவன்தான். ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், நாய் மாதிரி மோப்பம் பிடிக்கிறான், போய்விடுகிறான்.

நிஜமாகக் கரண்ட் போகும்போது வந்தால் சரி, அவன் வீட்டிலும் போயிருக்கும். நான் அணைக்கும்போது அவன் வீட்டில் விளக்கு எரிகிறது. குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு என் வீடு இருண்டது எப்படித் தெரியும்? கோடையில் பெல்லட் வாங்காமல் மெத்தனமாக இருந்தவன், என் மூட்டைமேல் கண் என்று நினைத்து கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். பிறகு, "லூசில் எப்ப வர்றாங்க?" என்று அவன் இரண்டு தடவை கேட்டது ஞாபகம் வந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து தனியாக இருக்கிறவன் அடுத்தவன் பெண்டாட்டியை எதற்கு விசாரிக்கிறான்? சிரிக்காதே. தனியாக இருக்கிறவன் புத்தி எங்கெங்கோ போகும்.

நேற்று மெயினை அணைத்துவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தான். தொப்பி இல்லை, கோட்டுப் பொத்தான் போடவில்லை. படியில் வழுக்கி முழங்காலில் விழுந்தான். எழாமலே கதவைக் குத்தி, "டேய் கிளோவிஸ், உசுரோட இருக்கியாடா?" என்று கத்தினான். அந்தக் குரலில் ஏமாற்று இல்லை. நான் பின்னாலிருந்து போய் அவன் தோளைத் தொட்டேன். பாவம், அலறிவிட்டான்.

உள்ளே கூட்டிவந்து முழங்காலுக்கு மருந்து போடும்போது பூனைக்குட்டி வெளியே வந்தது. "உன் வீட்டுக்காரிதான் அனுப்புறாங்க. அந்தப் பெட்டி அவங்க போன்ல தெரியுதாம். நீ மெயினை அணைச்சா வைஃபை செத்து அது போன்ல இருந்து காணாமப் போயிடுது. உனக்குப் புகை மூட்டிடுச்சோன்னு அழுதுகிட்டே எனக்குப் போன் பண்றாங்க. உன்கிட்ட சொன்னா நீ பெட்டியப் பிடுங்கிப் போட்டுடுவேன்னு சொல்லக் கூடாதுன்னாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?" என்றான். கடைசியில் சொன்னது என்னையா உன்னையா என்று தெரியவில்லை.

நீ நினைத்தது சரி, பிடுங்கித்தான் போட்டிருப்பேன். முதலில் கோபம்தான் வந்தது. வேவு பார்த்தது நீதானா என்று. ஆர்மான் போன பிறகு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, அந்த வெயில் ஊரில் உட்கார்ந்து நீ நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தேன். விளையாட்டுப்போல நான் அணைத்த ஒவ்வொரு தடவையும் நீ அழுதிருக்கிறாய்.

கைல்மேல் இருந்த சந்தேகம் பாதிதான் போயிருக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டாம். கொட்டகைப் பூட்டைக் கழற்றிவிட்டேன், ஆர்மானுக்கு நான்கு மூட்டை பெல்லட்டும் கொடுத்தேன். நீல விளக்கின் டேப்பையும் உரித்துவிட்டேன். வைஃபை பெட்டியையும் பேட்டரியிலேயே மாட்டியாகிவிட்டது. இனி ஊரே இருண்டாலும் நம் வீடு உன் போனிலிருந்து மறையாது. அடுப்பு நிற்காது, புகை வராது என்று ஆர்மானை வைத்து நிரூபித்தாயிற்று. சாட்சிக்கு அவன் முழங்கால் இருக்கிறது.

இன்னொன்றும் மாட்டியிருக்கிறேன். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நீ படிக்க வைத்திருக்கும் விளக்கு. எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று போனில் எண் காட்டுமாம். தினமும் பொழுது சாயும்போது அந்த எண் கொஞ்சம் ஏறும். பயப்படாதே, அது அடுப்பு இல்லை, உன் விளக்கு.

உன் நெஞ்சுக்கு இதமாக, சுகமாக இரு. விளக்கு எரிவது உனக்கு அங்கிருந்தே தெரிந்துவிடும். நாற்காலி காலியாக இருப்பதை அந்தப் பெட்டி சொல்லாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உன்,
கிளோவிஸ்