பச்சைக் கோடு

பிப்ரவரி 8, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல என் வீட்டுக்காரர் மடிக்கணினியைத் திறந்து டேஷ்போர்டைக் காட்டினார். பச்சைக் கோடு பாதியைத் தாண்டிவிட்டது. "கூட்டுக் குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒரே சிரிப்பு. அண்ணிக்கும் எனக்கும் சேர்த்து ஆன்லைன் வகுப்பில் ஒரே கணக்கு எடுத்துக் கொடுத்ததில் அவருக்கு இன்னும் பெருமை அடங்கவில்லை. இரண்டு பேரும் எழுதப்போவது ஒரே எழுத்தர் தேர்வு, அதே பாடம், அதற்கு எதற்கு இரண்டு கணக்கு என்பது அவர் கட்சி. அண்ணி, அதாவது அவருடைய அக்கா, வீட்டில் மடிக்கணினியில் படிக்கிறார். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில், ஆள் வராத நேரத்தில், கடை போனில். யார் ஒரு பாடத்தை முடித்து டிக் போட்டாலும் கோடு நீளும்.

அண்ணி தம்பியிடம், கடையில் நின்றுகொண்டே இவள் எவ்வளவு முடித்திருக்கிறாள் பார் என்று சொன்னார். என் முதுகில் ஒரு தட்டு வேறு. "புலிடீ நீ." அத்தை என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அடக்கமாம் அடக்கம். இந்த வாரம் நான் ஒரு பாடம்கூடப் பார்க்கவில்லை. டிக் மட்டும்தான் போட்டேன். வேறு யாரிடம் சொல்ல முடியும், இங்கேதான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 10

ஒரேயடியாக இப்படி ஆகிவிடவில்லை. முதலில் பாடம் ஓடும், லென்ஸ் துடைத்துக்கொண்டே கேட்பேன். ஆள் வந்தால் சத்தத்தைக் குறைப்பேன். போன பிறகு ஏற்ற மறந்துவிடுவேன். அப்புறம், எதற்கு வெட்டியாக ஓட வேண்டும் என்று நேராக டிக். 'முடித்துவிட்டேன்' என்கிற பொத்தான் ஒரு கேள்வி கேட்பதில்லை. தொட்டால் பச்சை.

குழாய்க் கணக்குதான் என்னை முதலில் கவிழ்த்தது. ஒரு குழாய் தொட்டியை நிரப்புமாம், இன்னொன்று அதே நேரத்தில் காலி செய்யுமாம், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேள்வி. முதல்ல அந்தக் கீழ்க்குழாயை மூடித் தொலையுங்களேன்! அதிலிருந்து கணக்குப் பகுதி முழுவதும் டிக் மயம்.

கண்ணாடி முன்னால் நின்று "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்கிறவர்களிடம் "ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்று சொல்வதுதான் கடையில் என் வேலை. வாய்க்கு அது பழகிவிட்டது. விரலுக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

பிப்ரவரி 14

சாயங்காலம் வந்தால் அத்தை என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை. போய்ப் படி, போய்ப் படி என்று விரட்டுகிறார். அவருக்கு முட்டி வலி. ஒரு காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு சமைக்கிறார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ அழுக்குக் கம்பளம் கழுவுகிற வீடியோ பார்க்கிறேன். நுரை, தண்ணீர், நுரை, தண்ணீர். கம்பளம் வெளுக்க வெளுக்க எனக்கு ஒரு நிம்மதி.

என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 19

இன்றும் டிக் மட்டும். நாளையிலிருந்து ஒழுங்காக — என்று எழுத வந்தேன். எழுதவே கூசுகிறது.

பிப்ரவரி 26

அண்ணியோடு துணி மடித்தேன். அவர் வீட்டுக்காரரை விட்டு வந்ததிலிருந்து கூடத்தில்தான் படுக்கிறார். நாங்கள் எழுவதற்கு முன்பே பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார், அங்கே யாரும் படுக்கவே இல்லை என்பது போல. இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு இருக்கிறது. எனக்கு இன்னும் சில வருடம் ஓடும். அவருக்கு இதுதான் கடைசி.

"கிடைச்சா ஒரு ரூம் எடுத்துக்குவேன்டீ. பெருசா வேணாம். ஒரு கதவு இருக்கணும், நான் சாத்தினா சாத்தினதா இருக்கணும்."

நான் தலையாட்டிக்கொண்டு போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன். நான் என் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறேன் என்று நினைத்தபோது முனை கை நழுவிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கோடு முக்கால்வாசி ஆகிவிட்டது. அவர் கை தட்டினார். அண்ணிக்குக் கணக்கு என்றாலே சின்ன வயதிலிருந்து உதறல். இன்று சந்தோஷமாகச் சொன்னார்: "இந்தத் தடவை கணக்கு ரொம்பக் கம்மிடீ. பாடத்தைக் குறைச்சிட்டாங்க போல. தப்பிச்சோம்."

எனக்குப் புரியவில்லை. குறைத்ததாக எங்கும் அறிவிப்பு இல்லையே. அண்ணி குளிக்கப் போன நேரத்தில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணி பாடப் பட்டியலைத் திறப்பதே இல்லை, அவர் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். 'அடுத்த பாடம்' என்ற பொத்தானை அழுத்துவார், வருவதைப் படிப்பார், குறிப்பெடுப்பார், திரும்ப அழுத்துவார். அந்தப் பொத்தான் டிக் போட்ட பாடங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அதற்கு நாங்கள் இரண்டு பேர் என்று தெரியாது. ஒரு ஆள் முடித்தால் முடிந்தது.

வட்டி, விகிதம், பரப்பளவு, அந்தப் பாழாய்ப்போன குழாய் — நான் கடையில் நின்று போட்ட டிக் ஒவ்வொன்றும் அண்ணியின் கண்ணில் படாமல் ஒரு பாடத்தை ஒளித்து வைத்திருக்கிறது. நான் உண்மையாகப் படித்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். எனக்கும் பாடங்கள் காணாமல் போயிருக்குமே. படிக்காதவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 11

இன்று சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை அண்ணி பக்கத்தில் போய் நின்றேன். கடைசியில் "தண்ணி வேணுமா அண்ணி?" என்று கேட்டேன். கோழை.

மார்ச் 14

கடையில் ஒரு பெரியவர் மூக்குத் தாங்கி அழுத்துகிறது என்று வந்தார். சரிசெய்து அனுப்பிவிட்டு, கடை போனை எடுத்து, நான் போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இனி 'அடுத்த பாடம்' என்று அழுத்தினால் கணக்கு வரும். அண்ணி படிப்பார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். என்ன புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்துவிட்டேன். எல்லாரும் பார்க்கிற நாள்.

அவர் திறந்தார். கோடு பாதிக்கும் கீழே. அண்ணி திரைக்கு அருகில் போய், விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கொதித்துப்போய் வகுப்பு நடத்துகிற நிறுவனத்துக்கு நீளமாக ஒரு புகார் அனுப்பினார். பதில் வரும் வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அண்ணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார், சட்டப் புத்தகம்.

நான் பாத்திரம் கழுவினேன். அத்தை தடுக்கவில்லை.

மார்ச் 18

சாப்பிடும்போது பதில் வந்தது. அவருக்கு எதையும் செய்தி வாசிக்கிற தோரணையில் படித்துக் காட்டினால்தான் திருப்தி. எங்கள் தரப்பில் பிழை எதுவும் இல்லை என்று ஆரம்பித்தது. 'சனிக்கிழமை மதியம், தங்கள் கணக்கில் உள்ள கடை போன் என்ற கருவியிலிருந்து, கீழ்க்கண்ட பாடங்களின் குறி...' அவர் குரல் அங்கே இறங்கி, நின்றுவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தைதான் பேசினார். சத்தம் போடவில்லை. "அவ முன்னாடி போயிடுவான்னு பயமா உனக்கு? அவ படிச்சதை அழிச்சிட்டா நீ பாஸ் ஆயிடுவியா?"

பொறாமைக்காரி என்கிற பேர் எனக்கு அந்த நிமிடம் பரவாயில்லை என்று இருந்தது. சத்தியமாக இருந்தது. பொறாமைப்படவாவது போட்டியில் ஓட வேண்டும். நான் ஓடவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 19

அவர் காலையில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தில் இருந்த பாடங்களுக்கெல்லாம் திரும்ப டிக் போட்டுவிட்டார். அக்காவைக் கூப்பிட்டுக் கோடு பழையபடி ஆகிவிட்டதைக் காட்டினார். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாராம். என்னிடம் சொல்ல மாட்டாராம்.

ஐயோ.

மார்ச் 20

அண்ணி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். பாடத்தை யாரும் குறைக்கவில்லை அண்ணி, நான் படிக்காமலே டிக் போட்டேன், நான் போட்டதெல்லாம் உங்களுக்கு வராமலே போயிடுச்சு, அதனாலதான் எடுத்தேன், இப்ப அவர் திரும்பப் போட்டுட்டார் — மூச்சு விடாமல்.

அண்ணி வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தார். எவ்வளவு என்று கேட்டார். கணக்கு கிட்டத்தட்ட முழுசும் என்றேன். மிச்சத் துணியை எல்லாம் போட்டு முடித்தார். ஒரு சட்டையை இரண்டு தடவை உதறினார். என் காது இரண்டும் எரிந்தது. ஏதாவது சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"உனக்கு அதெல்லாம் வருமா?"

வராது என்றேன்.

"அப்ப நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடு. முதல்லேர்ந்து உக்காந்து பாக்க எனக்கு நேரமில்லைடீ."

அத்தையிடம் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அம்மா புலம்புவதை உட்கார்ந்து கேட்க வேண்டியது அவர்தானாம். தம்பியிடம் அவரே பேசிக்கொள்கிறாராம்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று யாரும் கோட்டைப் பார்க்கவில்லை. அண்ணி திறந்து கொடுக்கிற மடிக்கணினியில் காலையில் நான் படிக்கிறேன், கடைக்குப் போகும் முன் அண்ணிக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கே அரைகுறையாகப் புரிந்ததை இன்னொருத்தருக்குச் சொல்ல வரும்போதுதான் ஓட்டை தெரிகிறது. திரும்பப் போய்ப் படிக்கிறேன். குழாய்க் கணக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது, எவ்வளவு போகிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை அழிச்சாட்டியம் பண்ணினேன்?

அண்ணிக்கு வரவில்லை. நாலு தடவை சொன்னேன். "எனக்குப் பயம் வந்துட்டா மண்டையில ஏறாதுடீ" என்றார். அவருக்கு இதற்கெல்லாம் முழுசாக ஒரு வருடம் இருந்தது. அதை நான்தான் தின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தேர்வு முடிந்தது. வெளியே வந்ததும் அண்ணி சிரித்தார். சட்டம், மொழி எல்லாம் பிரமாதமாக எழுதினாராம். கணக்கில் கடைசிப் பக்கத்தைத் தொடவே நேரமில்லையாம். எனக்கு எப்படி என்று கேட்டார். சுமார் என்றேன்.

சுமார் இல்லை. கணக்கு அத்தனையும் போட்டேன். சொல்லிக் கொடுப்பதற்காகத் திரும்பத் திரும்பப் படித்தது அப்படியே நின்றது. பதிலுக்கு அண்ணி எனக்கு விளக்கிச் சொன்ன சட்டமும் நின்றது. சந்தோஷப்படக்கூட யோக்கியதை இல்லாமல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 3

முடிவு வந்தது. என் எண் இருக்கிறது. அண்ணியுடையது இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

இரண்டு நாளாக வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. அத்தைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பதா, மகளைப் பார்த்து அழுவதா என்று தெரியவில்லை. அவர் இனிப்பு வாங்கி வந்து, பையைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டார்.

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வேலையில் சேரவில்லை என்று சொன்னேன். நான் போகாவிட்டால் அந்த இடம் அவருக்கா வரும், எவளோ ஒருத்திக்குப் போகும், பேசாமல் போய்ச் சேர் என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"என்னைத் திட்டிடுங்க அண்ணி. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சிடுங்க."

அண்ணி உரித்து முடித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "திட்டினா நீ இறக்கி வெச்சிட்டுப் போயிடுவே. நான் எங்க இறக்கி வெக்கறது?"

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பெரிய கூடம், ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு மேசை. பக்கத்து மேசைக்காரர் நல்ல மாதிரி. பேனா கொடுத்தார்.

காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மூடி கொஞ்சம் லூசா இருக்கு. சாய்க்காம எடுத்துட்டுப் போங்க."

என் வீட்டுக்காரரிடம் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் அவர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். தம்பியை அண்ணி 'போங்க' என்று எதற்குச் சொல்லப்போகிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கூடத்தில் இருந்த அத்தை, பல மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். உத்தியோகம் வந்ததும் மரியாதையும் கூடவே வந்துவிட்டது பார் என்றார்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அண்ணி என்னை 'வாடீ' என்றுதான் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அழுகை இல்லை. கடைக்கு வருகிறவர்களை நான் பார்ப்பேனே, அந்த மாதிரி நல்லபடியாகப் பார்த்தார்.

"வரேன் அண்ணி" என்றேன்.

"சரிங்க" என்றார்.